வெறுங்கையோடு நாற்பத்திரண்டு கிலோமீற்றர்

12 ஜனவரி 2008, சனி

கட்டுகஸ்தோட்டையிலிருந்து வத்தேகம வரை ஓடிப்போய், பஸ்ஸில் திரும்பினேன். மடவளைக்குப் பிறகு வரும் ஏற்றத்தில் இன்று நடக்கவில்லை, முழுவதும் ஓடியே ஏறினேன். இடது பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. திங்கட்கிழமை வகுப்புக்குச் செருப்போடுதான் போகவேண்டும். கணக்கு ரீச்சர் நொண்டுகிறார் என்று பிள்ளைகள் சிரிக்கும்.

ஹேரத் மாத்தயா படிவம் அனுப்பியிருக்கிறார். வன இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிங்கள ஐயா. மூன்று வருடமாக இந்த மலைப்பாதை ஓட்டத்தை நடத்துகிறார். ஜூன் பதினைந்தாம் திகதி. பன்விலையில் தொடங்கி, மடுல்கெல்லத் தோட்டங்களுக்கு மேலே ஏறி, காட்டோரமாகச் சுற்றித் திரும்பப் பன்விலை. நாற்பத்திரண்டு கிலோமீற்றர். எட்டு மணித்தியாலத்துக்குள் வந்து சேர வேண்டும். போன வருடம் முப்பதாவது கிலோமீற்றரில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் இல்லை, அதுதான் காரணம். கால்களில் குறையில்லை.

என் வீட்டுக்காரர் படிவத்தைப் பார்த்தார். பேப்பரை விரித்துக்கொண்டார்.

19 ஜனவரி

முப்பத்தாறு வயதில் எதற்கு இப்படி ஓடுகிறீர்கள் என்று ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன்.

உண்மையில் எதற்கு? நான் முதன்முதலில் உயிரைக் கொடுத்து ஓடியது எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில். பதினொரு வயது. கண்டியில், திருகோணமலை வீதியில் கடைகள் எரிந்துகொண்டிருந்தன. அம்மா என் கையைப் பிடித்து இழுக்க, பின்வளவு வேலியால் புகுந்து, செருப்பில்லாமல் ஓடினோம். இப்போது யாரும் துரத்தாமல் ஓடுகிறேன். எனக்கு வேண்டிய நேரம் தொடங்கி, எனக்கு வேண்டிய இடத்தில் நிற்கிறேன். இந்தச் சுகத்தை அவருக்கு எப்படி விளக்குவது?

27 ஜனவரி, ஞாயிறு

மடவளையில் பள்ளி உடுப்புத் தைக்கும் ஸுலைஹாவிடம் சொல்லி ஒரு இடுப்புப் பட்டி தைப்பித்திருக்கிறேன். தடித்த கறுப்புத் துணி. நான்கு சின்னத் தண்ணீர்ப் போத்தல்கள் செருக நான்கு பை, அடையாள அட்டைக்குத் தனியாக ஒன்று. கடைக்குள்ளேயே மூன்று தரம் குதிக்க வைத்துப் பார்த்தாள்.

“ஓடக்குள்ள குலுங்கினா கொண்டாங்க ரீச்சர், இன்னும் இறுக்கித் தாறேன்.”

குலுங்கவில்லை. இந்தத் தரம் தண்ணீர் இல்லாமல் போகாது.

3 பெப்ரவரி, ஞாயிறு

நேற்றுத் தம்புள்ளையில் பஸ்ஸில் குண்டு. இன்று கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில். வெளியே போகவில்லை.

10 பெப்ரவரி, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதவேண்டும். எழுதாவிட்டால் உள்ளேயே நிற்கும்.

காலை ஆறரை இருக்கும். ஆற்றுப்பாலத்துப் பக்கம் புதிதாக ஒரு சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள். நிற்கச் சொன்னார்கள், நின்றேன். அட்டை கேட்டார்கள். அட்டை இடுப்புப் பட்டியில் இருந்தது. எடுக்க, சட்டைக்குக் கீழே கை போனது. அவ்வளவுதான்.

தமிழ்ப் பெண். தொளதொளத்த சட்டை. இடுப்பைச் சுற்றிப் புடைப்பு, தற்கொலைக் குண்டுக்காரிபோல. எனக்கு ஏன் இது முன்பே தோன்றவில்லை? ஸுலைஹாவின் கடையில் கண்ணாடி பார்த்தேனே, அப்போதுகூடத் தோன்றவில்லையே.

அந்த ஆமிக்காரப் பொடியன் கத்தினான். துவக்கை என் முகத்துக்கு நேரே நீட்டினான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாப் பக்கமும் சிதறி ஓடினார்கள். கைகளை மேலே தூக்கியபடி தார் ரோட்டில் முழங்காலில் இருந்தேன். பெண் பொலிஸ் வர நாற்பது நிமிடம். பொடியனுடைய விரல் விசையில்தான் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள். போத்தல் நான்கையும் ரோட்டில் வரிசையாக வைத்தார்கள். குளுக்கோஸ் தண்ணீர். பிறகு பொலிஸ் நிலையம். பிற்பகல் இரண்டு மணிவரை அதே கேள்வி: ஏன் ஓடுகிறாய்? சும்மா என்றேன். சும்மா யாரும் ஓடுவதில்லை என்றார் அந்த அதிகாரி.

செய்தி கேட்டு இவர் வீட்டிலிருந்து அரக்கப்பரக்க வந்தார். எங்கள் பள்ளி அதிபர், அவர் சிங்களவர், தானே வந்து எனக்காகக் கையெழுத்து வைத்தார். அடிக்கவில்லை. விட்டுவிட்டார்கள். நிறையப் பேரை விடுவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

“ஓட வேண்டாம் எண்டு நான் சொல்லமாட்டன் பத்மா. ஆனா நீர் வெளிக்கிட்டா, திரும்பி வரும்வரைக்கும் நான் வாசலிலதான் நிக்கிறன். இந்த அஞ்சு வருசமும் அப்பிடித்தான்.”

எனக்குத் தெரியாது. ஐந்து வருடமாக எனக்குத் தெரியாது.

16 பெப்ரவரி

ஓடவில்லை.

1 மார்ச்

ஓடவில்லை. ஸுலைஹா வீட்டுக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தான் தைத்ததால்தானே எல்லாம் என்கிறாள். அவளைத் தேற்றுவதிலேயே பின்னேரம் போய்விட்டது. அவள் போன பிறகுதான் நானும் அழுதேன். மூன்று வாரத்துக்குப் பிறகு, இன்றுதான்.

20 ஏப்ரல்

சந்தைக்குப் போக ஆற்றுப்பாலம் கடக்க வேண்டியிருந்தது. பஸ் சாவடியில் நின்றதும் கைப்பையை மடியில் வைக்காமல் எல்லோருக்கும் தெரியும்படி மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த மனுசி ஒரு மாதிரிப் பார்த்தாள்.

6 ஜூன், வெள்ளி

பொல்கொல்லையில் பஸ்ஸில் குண்டு. செத்திருக்கிறார்கள். இவ்வளவு பக்கத்தில். அதிபர் எங்களைப் பள்ளி முடியுமுன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டிலும் பொலிஸ் இரண்டு தரம் வந்து அட்டை பார்த்துப் போனார்கள்.

10 ஜூன்

ஓட்டம் செப்ரெம்பர் பதினான்குக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. கடிதத்தைப் படித்ததும் மூச்சு லேசானது. வரமாட்டேன் என்று எழுதும் வேலை மிச்சம்.

22 ஜூன், ஞாயிறு

ஹேரத் மாத்தயா வந்திருந்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்து சீனியில்லாத தேத்தண்ணி குடித்தார். இந்த வருடம் விதிகளை மாற்றியிருக்கிறாராம். யாரும் எதையும் சுமந்து ஓடக்கூடாது. பை, பட்டி, போத்தல் ஒன்றுமே கூடாது. அதற்குப் பதிலாக வழியில் ஒன்பது இடத்தில் தண்ணீர், தோட்டத்து ஆட்களே நின்று கொடுப்பார்கள். எல்லோரும் இலக்கத்தோடு அடையாள அட்டைப் பிரதியை நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும். ஓடுகிறவர்களின் பெயர்ப் பட்டியல் முன்கூட்டியே இராணுவ முகாமுக்குப் போய்விடும்.

ஆண், பெண், சிங்களவர், தமிழர் எல்லோருக்கும் ஒரே விதி.

பெப்ரவரியில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகும்போது மட்டும் வாசல் படலையில் நின்று, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் சொன்னார்: “ரீச்சர் கட்டாயம் வரணும்.”

அவரை வழியனுப்பிய இவர் வெகுநேரம் படலையிலேயே நின்றார். உள்ளே வந்து கேட்டார், “உங்கட பள்ளிக்கூட கிரவுண்ட் ஒரு சுத்து எவ்வளவு வரும்?”

இருநூற்றைம்பது மீற்றர் என்றேன்.

29 ஜூன்

அதிபர் அனுமதி தந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானம் எங்களுக்கு. இன்று இருபது சுற்று. இவர் மரத்தடியில் கதிரை போட்டு உட்கார்ந்து, ஒரு சுற்றுக்கு ஒரு நெருப்புக்குச்சியாக வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றினார். பதினேழாவதில் இரண்டு குச்சி சேர்ந்து போய்விட்டதென்று எங்களுக்குள் சண்டை. நான் கணக்கு ரீச்சர், எனக்குத் தெரியாதா?

மூச்சு வாங்குகிறது. நாலரை மாதத்தில் இவ்வளவு கொழுப்பு.

27 ஜூலை

அறுபது சுற்று. பிறகு மூன்று மாடிப் படிக்கட்டு பதினைந்து தரம், ஏற்றத்துக்கு வேறு வழியில்லை. நாய் ஒன்றும் கூடவே ஓடி, ஐந்தாவது சுற்றில் வெறுத்துப் போய்விட்டது.

31 ஆகஸ்ட்

நூற்றிருபது சுற்று. முப்பது கிலோமீற்றர். உடம்பு தயார். ஆனால் மைதானத்துக்கு மதில் இருக்கிறது. அங்கே மதில் இல்லையே. மலையில் தனியாக வரும்போது யாராவது நிற்கச் சொன்னால்?

இவரிடம் சொல்லவில்லை.

15 செப்ரெம்பர், திங்கள்

லீவு போட்டிருக்கிறேன். படியில் இறங்க முடியவில்லை, பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்குகிறேன். நேற்றையதை ஒன்றும் விடாமல் எழுதிவிடுகிறேன்.

ஆறு மணிக்குத் தொடக்கம். அறுபத்துமூன்று பேர், பெண்கள் ஏழு. என் இலக்கம் நாற்பத்தொன்று. இடுப்பில் ஒன்றுமில்லை, கையில் ஒன்றுமில்லை. முதலில் அதுவே ஒரு மாதிரிக் கூச்சமாக இருந்தது. தேயிலைக்கு நடுவே ஏறத் தொடங்கியதும் மறந்துபோனது. ஒவ்வொரு தண்ணீர்ச் சாவடியிலும் நின்று குடித்தேன். முப்பதாவது கிலோமீற்றர் எப்போது கடந்தது என்று தெரியவில்லை.

பிறகுதான் மூடுபனி. பைன் மரங்களுக்கு மேலே பாதை இரண்டாகப் பிரிகிறது. அடையாளத்துக்குக் கட்டும் சிவப்பு நாடாவைக் காணவில்லை. முன்னால் யாருமில்லை, பின்னால் யாருமில்லை. நேராகப் போகிற பாதை அகலமானது, அதில் கால் வைத்தேன். பனிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. மூன்று ஆமிக்காரர். மழைக்கோட்டும் துவக்கும்.

யாரும் சொல்லாமலே என் கை இரண்டும் மேலே போய்விட்டன. முழங்கால் மடியத் தொடங்கியது. நான் மடக்கவில்லை, அதுவாக மடிந்தது.

மூத்தவன் கிட்ட வந்தான். கையை இறக்குங்கள் அக்கா என்றான் சிங்களத்தில். சட்டைப் பையிலிருந்து நனைந்த தாள் ஒன்றை எடுத்து, விரலால் தடவி நாற்பத்தொன்றைத் தேடினான். பெயரைப் பிழையாக வாசித்தான். நாடா காற்றில் அறுந்துவிட்டது, இந்தப் பாதை பள்ளத்துக்குப் போகிறது, இடது பக்கம் போங்கள் என்று காட்டினான்.

இடது பக்கம் பாதை என்று சொல்ல முடியாது. ஆள் உயர மானாப்புல், நடுவில் ஒரு இடைவெளி. காட்டுக்குள் போகிறது. நம்புவதா? துவக்கு வைத்திருக்கிற மூன்று பேர், தனியாக ஒரு தமிழ்ப் பெண்ணைப் பார்த்துப் புல்லுக்குள் போகச் சொல்கிறார்கள். என்னென்னவோ கேள்விப்பட்டதெல்லாம் தலைக்குள் வந்தது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்குக் குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்பது கிலோமீற்றர்தான், நேரம் போகிறது அக்கா என்றான்.

போனேன். முதுகு முழுவதும் காதாக ஓடினேன். பத்து நிமிடம், ஒரு நாடாவும் இல்லை. பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்த இடத்தில் புல் விலகியது, கீழே தேயிலை. யாரோ தமிழில் கத்துவது கேட்டது: “நாப்பத்தொண்ணு வருது!”

எட்டாவது தண்ணீர்ச் சாவடி. பழனியாண்டி என்ற தோட்டத்துப் பெரியவர் பெரிய வாளியோடு நின்றார்.

“மெதுவா குடிங்கம்மா. இனி எறக்கந்தான். ஒங்களுக்கு முன்னால ரெண்டு பேரு நேர் பாதையில போயி, பள்ளத்தப் பாத்துட்டுத் திரும்பி வந்தாங்க. அதுக்கப்புறந்தான் ஆமிக்காரவங்க அங்க போயி நிக்கிறாங்க.”

வழி காட்டத்தான் நின்றிருக்கிறார்கள். குளிரில், எங்களுக்காக.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமாகவே அழுதேன். பழனியாண்டி வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போவதுபோல அந்தப் பக்கம் போனார். வாளி நிறையத்தான் இருந்தது.

கடைசி எட்டுக் கிலோமீற்றரும் ஏதோ தோளிலிருந்து இறக்கி வைத்ததுபோல் வந்தேன். ஏழு மணித்தியாலம் முப்பத்தெட்டு நிமிடம். ஓடி முடித்த ஐந்து பெண்களில் நான் நாலாவது. ஹேரத் மாத்தயா தலையை மட்டும் ஆட்டினார். இவர் ஒரு துவாயைப் போர்த்திவிட்டு, “ஏதும் சாப்பிட்டனீரே?” என்று கேட்டார்.

இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

21 செப்ரெம்பர்

சண்டை நிற்கவில்லை. வானொலியில் வன்னிச் செய்தி ஒவ்வொரு நாளும் மோசமாகிறது. அதற்கு நடுவில் எனக்கு மட்டும் இப்படி மனம் லேசாக இருப்பது சரியா? தெரியவில்லை. ஆனால் லேசாகத்தான் இருக்கிறது. பொய் எழுத முடியாது.

19 ஒக்ரோபர், ஞாயிறு

தூறல். மடவளை வரை போய்த் திரும்பினேன், ரோட்டால்தான். பாலத்துச் சாவடியில் அட்டை காட்டினேனா என்று இப்போது யோசித்தால் நினைவில்லை. காட்டியிருப்பேன். போகும்போதும் வரும்போதும் தலைக்குள் ஒரே யோசனைதான், மத்தியானத்துக்குப் பயிற்றங்காயா பூசணிக்காயா என்று. கடைசியில் இரண்டும் வைத்தேன். பூசணிக்காய்க்கு உப்புக் கூடிவிட்டது.