அவள் கூப்பிட்டாள்

அன்புள்ள உங்களுக்கு,

"பதிமூணு வயசுப் பொண்ணுகிட்ட கைக்குழந்தையை விட்டுட்டு வேலைக்குப் போவியா?" என்று, கோபித்துக்கொண்டு போய்த் தங்கியிருக்கும் உங்கள் அண்ணன் வீட்டிலிருந்து போனில் கேட்டீர்கள். போனை வைத்துவிட்டேன். கோபமில்லை. எனக்கே தெரியவில்லை.

மருந்துக்கடையில் இனி மாலையிலும் வரச் சொல்கிறார்கள். அதனால் நேற்று, கடைத்தெருவுக்குப் போவதாகச் சொல்லித் தம்பியை மூத்தவளிடம் விட்டுவிட்டு, கீழ்வீட்டு அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். அவர் கொடுத்த காபி ஆறிப்போனது. என் காதெல்லாம் மேலேதான்.

திடீரென்று அவன் வீறிட்டான். அவள் பாடினாள், அங்குமிங்கும் நடந்தாள், கிலுகிலுப்பை ஆட்டினாள். அழுகை நிற்கவில்லை. இவளுக்கு உங்கள் வீம்பு, என் அழுத்தம். முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவே மாட்டாளோ என்பதுதான் என் பயம்.

போன் அடித்தது.

"அம்மா, தம்பி காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே அழறான். உடம்பு சுடுது. என்ன பண்றதுன்னு தெரியல. உடனே வாம்மா."

ஓடினேன். டாக்டர் பார்த்துவிட்டு, காதில் சீழ் என்று மருந்து கொடுத்தார். இப்போது நன்றாகத் தூங்குகிறான்.

நான் கீழ்வீட்டிலிருந்து வந்ததிலேயே அவளுக்குச் சோதனை என்று புரிந்துவிட்டது.

"நான் தேறலல்லம்மா?" என்று கண்ணைக் கசக்கினாள்.

"தேறிட்டடி" என்றேன்.

திங்கட்கிழமையிலிருந்து மாலையும் வேலைக்குப் போகிறேன். முடியாதபோது கூப்பிட அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நம் இருவருக்கும்தான் இன்னும் அது வரவில்லை. நானே முதலில் கூப்பிடுகிறேன். என்னால் தனியாக முடியவில்லை. வீட்டுக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் அம்மா