கோச் வீட்டுக்குப் போன தட்டு

அண்ணா,

இன்று காலை பேஸ்மென்ட்டைச் சுத்தம் செய்யும்போது அருணின் பழைய ஹாக்கிப் பையைத் திறந்தேன். கையுறைகள் உள்ளேயே கிடந்தன. பையனுக்கு நாற்பது தாண்டிவிட்டது, அந்த வியர்வை நாற்றத்துக்கு மட்டும் இன்னும் பன்னிரண்டு வயதுதான். ஒன்று பையைத் தூக்கிப் போடுங்கள், இல்லை அதோடு நீங்களும் வெளியே போங்கள் என்று மனைவி மாடிப்படியில் நின்று கத்தினாள். டோர்வல் விமான நிலையத்தில் நாள் முழுக்கப் பெட்டி ஏற்றிய நீங்கள், "இந்தப் பையை மட்டும் நான் பிளேனில ஏத்தமாட்டன் தம்பி" என்று வேன் கண்ணாடியை இறக்குவீர்கள். அந்தக் குரல் போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. நீங்கள் இருந்தபோது உங்களிடம் சொல்லத் துப்பில்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த ஐஸ் ஹாக்கி ரிங்க்கில் நாம் இரண்டே தமிழ்க் குடும்பங்கள். நான் கர்க்லாண்டில் வீடு வாங்கிய சென்னை இன்ஜினியர். நீங்கள் மட்டக்களப்பிலிருந்து வந்து பியர்பொன்ட்ஸில் குடியேறியவர். உங்கள் ரூபனுக்கும் என் அருணுக்கும் ஒரே வயது, இருவரும் தடுப்பாட்டக்காரர்கள். சனிக்கிழமை என் கார், ஞாயிற்றுக்கிழமை உங்கள் வேன். மற்ற அப்பாக்கள் பனியில் பிறந்தவர்கள். நாம் இருவரும் ஸ்கேட் நாடாவை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

அந்த வருடம் இரண்டு பேரும் டபுள்-ஏ தேர்வுக்குப் போனார்கள். ஊரின் மேல் அணி அது. அதில் இடம் கிடைத்தால்தான் அடுத்த படி, கிடைக்காவிட்டால் பன்னிரண்டு வயதிலேயே பின்தங்கியவன் என்று பெயர். பெற்றோர் எல்லோரும் கண்ணாடிக்குப் பின்னால் கோச்சின் கையையே பார்த்துக்கொண்டிருப்போம். அவர் பேனாவை எடுத்தால் பேச்சு நின்றுவிடும். என் மகனோடு சிரித்துப் பேசும் பையன் கீழே விழுந்தால் எனக்குள் ஒரு சின்ன நிம்மதி வரும். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வந்தது.

முதல் கூட்டத்தில் கோச் பிரெஞ்சில் மளமளவென்று விதிகளைச் சொன்னார். தேர்வு முடியும்வரை எந்தப் பெற்றோரும் தன்னை அணுகக் கூடாது, வீட்டுக்கு வரக் கூடாது, எதுவும் தரக் கூடாது. என்ன சொல்றார் என்று நீங்கள் என் காதருகே கேட்டீர்கள். எனக்கு முழுதாகச் சொல்லச் சோம்பல். பிள்ளையைப் பற்றி அவரிடம் பேசக் கூடாதாம், அவ்வளவுதான் என்றேன்.

தேர்வு நவராத்திரி வரை இழுத்தது. உங்கள் வீட்டில் வாணி விழாக் கிழமை, எங்கள் சரஸ்வதி பூஜை வாரம்தான். கற்றுக் கொடுப்பவரைப் பார்க்க வெறுங்கையோடு போகாத வீடு உங்களுடையது. ஒரு தட்டில் பழம், வீட்டில் அக்கா சுட்ட கொக்கீஸ், அரியதரம் என்று பலகாரங்கள், மேலே ஒரு புதுச் சட்டை. ரூபனையும் கூட்டிக்கொண்டு கோச்சின் வீட்டு வாசலில் நின்று, தட்டை இரண்டு கையாலும் கொடுத்துவிட்டு வந்துவிட்டீர்கள். மகனைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நான் சொன்ன விதியை அப்படியே காப்பாற்றினீர்கள்.

மறுநாள் கோச் என்னை ரிங்க்கின் ஓரத்து அறைக்குக் கூப்பிட்டார். முந்தைய வருடம் பெற்றோருக்குப் போன் செய்து தகவல் சொல்லும் வேலையைச் செய்ததால் என்னைத் தெரியும். மேசையில் உங்கள் தட்டு, அந்தச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. அவருக்குக் கோபம்கூட இல்லை, சங்கடம்தான். தடுப்பாட்டத்தில் ஒரே இடம் மிச்சம், உன் மகனா அவர் மகனா என்று நிற்கிறது, அவர் மகன்தான் கொஞ்சம் மேல் என்றார். பிறகு கேட்டார்: இது உங்கள் ஆட்களின் வழக்கமா? வழக்கம் என்றால் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவேன். லஞ்சம் என்றால் அந்தக் குடும்பத்தை என்னால் அணியில் வைத்துக்கொள்ள முடியாது.

அண்ணா, என் அப்பாவும் என்னை வெற்றிலை பாக்குத் தட்டோடு வாத்தியார் வீட்டுக்குக் கூட்டிப் போனவர்தான். அந்த வாத்தியார் வீட்டுத் திரைச்சீலையின் நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொன்னேன்: "எங்களிடம் அப்படி ஒரு வழக்கம் இல்லை. அவர்கள் வேறு நாட்டுக்காரர்கள்."

ஞாயிற்றுக்கிழமை ரிங்க் கதவில் தேர்வானவர்களின் எண்கள் ஒட்டப்பட்டன. பெயர் கிடையாது, சட்டை எண்கள் மட்டும். அருணுடைய எண் கடைசியில் இருந்தது. ரூபன் தாளை மேலிருந்து கீழ் வரை இரண்டு முறை படித்தான். பிறகு தன் பையோடு அருணின் பையையும் தூக்கி வேனில் வைத்தான். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பிள்ளைகள் ஏறிய பிறகு, தட்டு ஏன் திரும்பி வந்தது, கோச் என்னிடம் ஏதாவது கேட்டவரா என்று விசாரித்தீர்கள். கேட்டார், இது நம்ம வழக்கம்னு எவ்வளவோ எடுத்துச் சொன்னேன், அவர் ஒத்துக்கலை என்றேன். பொய் எப்படித் தடங்கலில்லாமல் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "நீங்க எங்களுக்காகக் கதைச்சீங்கள். எனக்கு அது காணும் தம்பி."

அதற்குப் பிறகும் அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அருணை ஏற்றிப் போனீர்கள். ரூபன் கீழ் அணியில் சில வாரம் ஆடினான். ஆட்டத்தன்று வயிற்றுவலி என்பான். பனிக்காலம் முடியுமுன் ஸ்கேட்டைக் கழற்றியவன் மறுபடி போடவே இல்லை. தட்டைக் கொண்டுபோனது தன் பிழை என்று நீங்கள் சொல்லச் சொல்ல நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அருண் அந்த வருடம் பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான், அடுத்த வருடம் அவனையும் கழித்துவிட்டார்கள். உங்கள் பிள்ளையிடமிருந்து நான் பறித்தது அந்தப் பெஞ்சைத்தான்.

எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் தேநீரை நீட்டி, "முதல்ல குடியுங்க, மறுகா கதைப்பம்" என்பீர்கள். எனக்கும் அந்தச் சாக்கு வசதியாக இருந்தது.

உங்கள் இறுதிச் சடங்கில் ரூபன் என்னைக் கட்டிக்கொண்டான். "அப்பா கடைசி மட்டும் சொன்னவர் அங்கிள், எனக்காகக் கோச்சோட சண்டை பிடிச்ச ஒரே ஆள் நீங்கதான் எண்டு." உங்கள் வாயில் அது சண்டையாகவே வளர்ந்துவிட்டிருந்தது. அவன் தன் மகளைக் கூப்பிட்டு, என்னைக் காட்டி, அதையே பிரெஞ்சில் சொன்னான். ஏழெட்டு வயதிருக்கும், உங்கள் நெற்றி. அவள் என் கையைப் பிடித்து "மெர்சி" என்றாள்.

பெட்டிக்குள் உங்கள் முகம் நாலடி தூரத்தில் இருந்தது. நான் அந்தக் குழந்தையின் தலையைத் தடவிக் கொடுத்து, அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.