சட்டைப் பைக்குள் வந்த தக்கை

இஞ்சாருங்க,

உயிரோடு இருந்தபோதே உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவள், மௌத்தான பிறகா பழகப் போகிறேன்? அல்லாஹ் உங்கள் கப்றை விசாலமாக்கி வைக்கட்டும். நான் சுகம். தறியில் சாரன் நெசவு ஓடுகிறது. மகளுக்கு இது ஏழாம் மாதம். ஆனால் உங்களைத் தெரியாதா எனக்கு, முதலில் வள்ளத்தைத்தான் விசாரிப்பீர்கள்.

உங்களுக்காக நாலு மாதமும் பத்து நாளும் நான் இத்தாவில் வீட்டுக்குள் இருந்தபோது, உங்கள் கூட்டாளி சலீம் காக்கா ஆட்களைச் சேர்த்து வள்ளத்தைப் புதுப்பித்துவிட்டார். வெடிப்பெல்லாம் பைபர் ஒட்டி, பச்சைப் பெயின்ட் அடித்து, மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் நீங்கள் நட்ட பாய்மரத்துக்குப் புதுக் கயிறும் கட்டினார்கள். உங்கள் பேரில் செய்த நன்மை அது. என்னிடம்தான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இத்தா இரிக்கிற பொம்புளக்கிட்ட வள்ளக் கதை என்னத்துக்கு" என்று விட்டுவிட்டார்களாம்.

கடை வேலையை விட்டுவிட்டு நம் மருமகன் அதில் தொழிலுக்குப் போகத் தொடங்கினார். முதலில் நன்றாகத்தான் ஓடியது. போகப் போகப் பின்பக்கம் தாழ்ந்தது. பாய் விரித்தால் ஒரு பக்கம் சரிந்து நிமிர மறுத்தது. கரைக்கு இழுக்க ஆட்கள் போதவில்லை. குனிந்து பார்த்தால் மேல்தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

"மாமி, வள்ளம் பழுதாப் போச்சி. ஒலுவில் ஊருல ஒராள் வெலைக்குக் கேக்கிறாரு. குடுத்துட்டு நான் கட்டாருக்கு வேலைக்குப் போறன்" என்றார் மருமகன். சோற்றில் கை வைத்திருந்த உங்கள் மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். பிள்ளை பிறக்கும்போது அதன் வாப்பா பக்கத்தில் இருக்கமாட்டாரே என்ற பயம் அவளுக்கு. எனக்குக் கோபம் வந்தது, அதுவும் உங்கள் மேல். இவ்வளவையும் எங்கள் தலையில் போட்டுவிட்டுப் போக அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?

அடுத்த நாள் உங்கள் சட்டைகளை இல்லாதவர்களுக்குக் கொடுப்போம் என்று எடுத்து மடித்தேன். நீலச் சட்டைப் பைக்குள் கையில் தட்டியது அந்த மரத் தக்கை. என் தறி நூல் சுற்றியபடியே இருந்தது.

இதற்காக எத்தனை சண்டை! கரையேறியதும் கழற்றிப் பைக்குள் போட்டு வருவீர்கள். சட்டை தோய்க்கும்போதெல்லாம் இது என் கையில் அடிபடும். "வள்ளத்தக் கடக்கரையில உட்டுட்டு வாங்க, ஊட்டுக்குக் கொண்டு வராதீங்க" என்று ஏசுவேன். "பாய்மரத்தடியால ரெண்டு தட்டுக்கும் நடுவுல தண்ணி எறங்குது புள்ள. கரையில இதக் கழட்டினாத்தான் வடியும்" என்பீர்கள். நீங்களே துளைத்த ஓட்டை. தனியாகப் போய் வந்ததால் வேறு யாருக்கும் அது தெரியாது.

அபாயாவைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடந்தேன். சலீம் காக்கா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தக்கையை நீட்டினேன்.

"இந்தத் தக்கைட ஓட்டை எங்க காக்கா?"

வள்ளத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார். தக்கையைப் பார்த்தார். "யா அல்லாஹ். பழுதான ஓட்டையெண்டு நெனச்சி நாந்தான் புள்ள அடச்சன். களராமக் கெடக்கட்டும் எண்டு அதுக்கு மேலயும் ஒண்டு ஒட்டின" என்றார். பாவம், மனிதர் முகம் வாடிவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

முன்பக்கத்தைத் தென்னங்குற்றியில் தூக்கி வைத்தார்கள். மருமகன் பழைய இடத்திலேயே துளைத்தார். முதலில் கொஞ்சம் துப்பியது. பிறகு மண்ணிறத் தண்ணீர் நாற்றத்தோடு பீறிட்டது. பின்னேரம் அசர் பாங்கு சொல்லும்போதும் வடிந்துகொண்டிருந்தது. இவ்வளவு தண்ணீரையும் சுமந்துகொண்டுதான் அது கடலுக்குப் போய் வந்திருக்கிறது.

இப்போது வள்ளம் நிமிர்ந்து ஓடுகிறது. ஒலுவில்காரரை வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. கட்டார்க் கதையும் இல்லை. உங்கள் மகள் வயிறாரச் சாப்பிடுகிறாள்.

நேற்று மருமகனின் சட்டையைத் தோய்த்தேன். பைக்குள் ஏதோ கையில் தட்டியது. கிணற்றடியிலேயே உட்கார்ந்து அழுதேன். உங்களை அவ்வளவு தேடுகிறது எனக்கு. மருமகன் ஓடி வந்து, "மாமி, அதக் கடக்கரையில உட்டுட்டு வரவா?" என்று கேட்டார்.

"வாணாம் மகன். ஊட்டுக்கே கொண்டு வாங்க" என்றேன்.

இனி இதற்காக ஒருவரையும் ஏசமாட்டேன். இது சத்தியம்.

உங்களை ஏசி ஏசியே நேசித்த
உங்கள் பெண்சாதி