கொடுக்காமல் விட்ட டொக்டர் கடிதம்

இன்று காலை மருந்துக்கடையில் யாரோ லைசோல் போத்தலைக் கைதவறிப் போட்டுவிட்டார்கள். அந்த மணம் ஏறியதும் வவுனியாவில் நீர் படுத்திருந்த ஆஸ்பத்திரி விடுதி நினைவுக்கு வந்தது. வாங்கப் போனதை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

நாங்கள் நெடுங்கேணியில் இருந்த காலம். பிறந்த மூன்றாம் நாள் எங்கள் பிள்ளை போய்விட்டது. அதற்குப் பிறகு நீர் உறங்கவில்லை. பிள்ளையின் துணிகளைத் தோய்ப்பதும், காய்ந்ததும் மறுபடி தோய்ப்பதுமாக இருந்தீர். கன்னியாஸ்திரிகள் நடத்திய அந்த மனநல விடுதியில் சேர்த்தபோது, "ஆறு கிழமையாவது இருக்கவேணும்" என்றார் டொக்டர்.

நான் வேலை செய்த கந்தோரில் அரசாங்க ஊழியருக்கான மருத்துவக் காப்புறுதி இருந்தது. முதல் கிழமைக்கு, அந்த ஏழு நாளுக்கு, ஒன்றும் கேட்கமாட்டார்கள். அதற்குமேல் தங்குவதென்றால் நோயின் பெயர் எழுதிய கடிதம் கொடுக்கவேண்டும். டொக்டர் எழுதித் தந்தார். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் கந்தோருக்குப் போய்வந்தேன். என் தங்கச்சிக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். உமக்கு மலேரியா என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். கடிதத்தைக் கொடுக்கவில்லை.

எட்டாம் நாள் கூட்டிப்போக வந்தேன். நீர் சீப்பால் தலை இழுத்து, முகம் தெளிந்து இருந்தீர்.

"இஞ்சருங்கோ, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டோ? இஞ்ச எனக்கு நித்திரை வருது."

"காப்புறுதி இவ்வளவு நாளுக்குத்தான் குடுக்குமாம்."

"அப்ப சரி" என்று பையை எடுத்தீர்.

வீட்டுக்கு வந்ததும் உமது நித்திரை மறுபடி போயிற்று. ஆட்கள் வந்தால் அறைக்குள் இரும் என்றேன். இருந்தீர்.

தங்கச்சியின் கலியாணம் முடிந்த பிறகு ஒருநாள், கந்தோரில் காப்புறுதி வேலை பார்க்கும் எங்கள் பெரிய கிளாக்கர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உம்மட மனிசி இருந்த இடத்திலதான் என்ர தம்பியும் இருந்தவன். அங்க உம்மைக் கண்டனான். கடிதத்தைத் தந்திருந்தா ஆறு கிழமைக்கும் காசு எடுத்துத் தந்திருப்பன். ஒருத்தருக்கும் சொல்லியிருக்கமாட்டன்."

அன்றைக்கு நீர் உயிரோடு இருந்தீர். சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து சைக்கிளை வேலியில் சாத்தினேன். குசினி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த நீர் நிமிர்ந்து பார்த்தீர்.

"என்னப்பா, முகம் வாடிக்கிடக்கு?"

"வெய்யில்" என்றேன். எழும்பிப் போய் மோர் கரைத்துத் தந்தீர். குடித்தேன்.

அடுத்த மாரியில், மெலிந்துபோன உமது உடம்பைச் சளிக்காய்ச்சல் கொண்டுபோகும் வரை, காப்புறுதி அவ்வளவுதான் கொடுத்தது என்றே நினைத்திருந்தீர். நான் சொன்னதை நீர் நம்பினீர். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.