புருலாய் ஊற்றிய தேநீர்

அன்பு மகன் இரிஸ்பெக்குக்கு,

உன் அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உன் பையன் அதிலெத்தும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகம், நோவோசிபிர்ஸ்க் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் குறுக்கே விழுந்து பேசுவாய், அதனால்தான் கடிதம். பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புகிறேன், முழுவதும் படி.

உன் பெண்டாட்டி புருலாய்க்குக் காய்ச்சல் விடவில்லை என்று நாரின் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, புருசெல்லோசிஸ், தொற்று என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள் அல்லவா, அந்த ஒரு சொல் போதாதா நம் ஊருக்கு. தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஊரை ஏன் சொல்கிறேன், அவள் கிண்ணத்தைத் தனியாக எடுத்து ஜன்னலோரம் வைத்தவனே நான்தான். மூட்டுவலியோடு ரொட்டி சுட்டவள், நாங்கள் எடுக்கத் தயங்குவதைப் பார்த்துவிட்டு மறுநாளிலிருந்து மாவில் கை வைக்கவில்லை. நீயும் போனில், பையனுக்கு ஒட்டிவிடும், அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்றாய். அதிலெத்தின் சுன்னத் விருந்து முடியட்டும், அனுப்புகிறேன் என்று நானும் சொன்னேன்.

விருந்தன்று அறுபது பேர். மருமகள்தானே தேநீர் ஊற்ற வேண்டும், வெந்நீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு சாய்ரா ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை, அதற்குள் போதும்மா என்று கிண்ணத்தை உள்ளங்கையால் மூடினாள். அடுத்தடுத்து எல்லாக் கையும் கிண்ணத்தின் மேல். புருலாய் கெட்டிலைப் பிடித்தபடியே இருந்தாள்.

நம் ஊர் மருந்தகத்துக்குப் புதிதாக வந்த நர்ஸ் ஜிபார்குல் அப்போதுதான் உள்ளே வந்தாள், உன்னைவிடச் சின்னப் பெண். நேரே ஜன்னலோரம் போய்ப் புருலாய் பாதி குடித்து வைத்திருந்த கிண்ணத்தை எடுத்து மிச்சத்தை மடமடவென்று குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அக்கா என்று நீட்டினாள். பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பினாள். "உடம்புக்குள்ள கிருமி போனா அது தொற்று. எல்லாத் தொற்றும் ஒட்டுவாரொட்டி கிடையாது. இது ஆட்டுகிட்டருந்து வந்தது, இவங்க கிண்ணத்துலருந்து வராது. வசந்தத்துல செத்துப் பிறந்த குட்டிய எல்லாம் வெறுங்கையால இழுத்துப் போட்டது யாரு?"

எனக்குத் தெரியும். இடுப்பு பிடித்து நான் படுத்துக் கிடந்தபோது, நீங்க எழுந்திரிக்காதீங்க மாமா என்று கொட்டகைக்கு ஓடியவள் புருலாய். ஒன்பது குட்டிகள். என் ஆடு, என் வேலை, நோய் மட்டும் அவளுக்கு. ஒரு நாளாவது அதைச் சொல்லிக்காட்டியிருக்கலாம், சொல்லவில்லையே அந்தப் பெண். என் வேலையைத்தான் அவள் செய்தாள் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, ஜிபார்குல் குடித்துவிட்டு வைத்த அதே ஜன்னலோரக் கிண்ணத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன். அரைக் கிண்ணம் ஊற்றினாள், இன்னும் இருங்கள் என்று வேண்டியவர்களுக்கு ஊற்றுவதுபோல. எனக்குக் கண் கலங்கிவிட்டதடா. சாய்ராவும், எனக்கும் ஊத்துடி, தொண்டை காயுது என்றாள். கையை எடுத்தாத்தானே ஊத்த முடியும் என்று உன் அம்மா ஒரு போடு போட்டாள், சபையே சிரித்தது.

ஜிபார்குல் சொன்னபடி இப்போது பாலைப் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்கிறோம், கொட்டகைக்குக் கையுறை இல்லாமல் யாரும் போவதில்லை. ஆறு வாரம் மாத்திரையைத் தவறாமல் எண்ணிக் கொடுப்பதும் அந்தப் பெண்தான். என்ன தைரியம், என்ன பொறுப்பு. புருலாயை நான் எங்கும் அனுப்பப் போவதில்லை. நீ சொன்னதை அவளிடம் நான் சொல்லவும் இல்லை. ஆனால் எனக்குக் காது மந்தம், போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவேன், உனக்குத் தெரியும். நீ அப்படிச் சொன்ன அன்று அவள் அடுத்த அறையில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

நீ நூறு வயது நன்றாக இரு. கால் உறையை ஈரத்தோடு போடாதே. ஜன்னலோரம் இப்போது உன் கிண்ணத்தை வைத்திருக்கிறேன். லீவு கேட்டுக்கொண்டு வந்து, அதை நீயே எடுத்து அவளிடம் நீட்டு. அரைக் கிண்ணம் ஊற்றுகிறாளா, குடித்துவிட்டுக் கிளம்பு என்று விளிம்புவரை ஊற்றுகிறாளா, அது அவள் இஷ்டம்.

இப்படிக்கு,
உன் அப்பா ஓமுர்சாக்