நல்ல வெளிச்சமுள்ள வீடு

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்குப் பார்த்த வீடும் உருப்படியில்லை. சமையலறையில் நின்றால் கூடம் தெரியவில்லை. கூடத்தில் நின்றால் எதுவுமே தெரியவில்லை. காது கேட்கிறவர்கள் கட்டுகிற வீடு அப்படித்தான் இருக்கும். அவர்களுக்கென்ன, அறைக்கு அறை கத்திப் பேசிக்கொள்வார்கள். எனக்கும் இவருக்கும் முகமும் கையும் கண்ணில் பட்டால்தான் பேச்சு. நடுவில் ஒரு சுவர் வந்துவிட்டால் ஆளுக்கொரு ஊர்.

இந்த வாடகை வீட்டைச் சீக்கிரம் காலி செய்தாக வேண்டும். வாலு மட்டும் குஷியாக இருக்கிறாள். ஏழு வயது. எங்கள் மூவரில் காது கேட்பது அவள் ஒருத்திக்குத்தான். புது வீட்டில் தனக்கென்று ஓர் அறை வேண்டுமாம், கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகப் பாட வேண்டுமாம். எவ்வளவு சத்தம் என்றெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? பாடட்டும்.

மார்ச் 5, வியாழன்

இன்னொன்று. குளியலறைச் சுவர் ஈரத்தில் ஊதிப்போயிருந்தது. காட்ட வந்தவர் அதை மறைத்துச் சாய்ந்தபடியே நின்றார். கிளம்பும்போது பார்த்தால் பாவம், அவர் முதுகெல்லாம் ஈரம்.

மார்ச் 10, செவ்வாய்

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்!

பரிசோதனைக்கூடத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். உள்ளே நுழைந்ததுமே இவர் என் கையைக் கிள்ளினார். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவரே இல்லை. கூடத்திலிருந்து பார்த்தால் வாலுவின் அறை வரைக்கும் தெரிகிறது. எல்லாப் பக்கமும் வெளிச்சம். அடுப்படியில் நின்றபடியே அவளைத் திட்டலாம். இவர் ஒவ்வொரு சுவராக உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. ஈரம் இல்லை. பின்பக்கம் மட்டும் ஒரு நீளமான, உயரமான மதில். ஜன்னல் கிடையாது, வாசல் கிடையாது. அதற்குப் பின்னால் என்ன என்று கேட்டதற்கு, "குடோன்" என்றார் விற்கிறவர்.

அவர் முகத்தில் எந்நேரமும் ஒரு சிரிப்பு. சிரிப்புக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டேன். உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வேன் என்று சொன்னதும் என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருக்குமேவா?" என்றார். பிறகு, "கொஞ்சம்கூட கேக்காதா?"

இந்த இடத்தில் எல்லோரும் 'ஐயோ பாவம்' முகம் காட்டுவார்கள். சிரிப்புக்காரர் முகம் அப்படிப் போகவில்லை. தொலைத்த சாவி சட்டைப்பையிலேயே கிடைத்தவர் முகம். நாங்கள் பேரம் பேசவே இல்லை, அவராகவே விலையைக் குறைத்தார்.

மார்ச் 11, புதன்

அண்ணி வந்திருந்தார். இவருடைய அக்கா. வீட்டைப் பற்றிக் கேட்டதும், "நானும் ஒரு தடவை வந்து பாக்கறேனே. நாலு பேர் பாத்தா நல்லதுதானே" என்றார்.

நாலு பேர் என்றால் காது கேட்கிற நாலு பேர். பள்ளியில் சேர, வேலையில் சேர, எங்கள் கல்யாணம் பேச, எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவரின் காது எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அவர்கள் பேசி முடித்துவிட்டு, எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார்கள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். இந்த ஒன்றையாவது நாங்களே செய்கிறோம் என்று சொல்லி அனுப்பினேன்.

அண்ணி போனபின் இவர், "வந்துட்டுப் போகட்டுமே, என்ன குறைஞ்சுடப் போகுது?" என்று ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் சண்டையை முடிக்க எளிய வழி உண்டு. விளக்கை அணைத்துவிட்டேன். கடைசி வார்த்தை என்னுடையது.

மார்ச் 14, சனி

இரண்டாம் முறை போய்ப் பார்த்தோம். இன்றைக்குக் கண்ணில் பட்டவை சில உறுத்துகின்றன. கொல்லைச் செடிகளின் இலையெல்லாம் வெள்ளைப் பொடி. தேய்த்துப் பார்த்தால் விரலில் நறநறவென்று ஒட்டுகிறது. பக்கத்து வீட்டுப் பின்பக்க ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். யாராவது கட்டிய ஜன்னலை அடைப்பார்களா?

பேசிக்கொண்டே இருந்த சிரிப்புக்காரர் திடீரென்று பல்லைக் கடித்தார். பல்வலியா என்றேன். ஆமாம் ஆமாம் என்று வேகமாகத் தலையாட்டினார்.

வாலுவை நினைத்துக் கேட்டுவிட்டேன், "இங்கே சத்தம் ஏதாவது உண்டா?" உதட்டில் சொன்னால் தவறிப்போகும் என்று அவர் கைப்பேசியிலேயே எழுதிக் காட்டினார்: ரொம்ப அமைதியான இடம்.

வெளியே வரும்போது பக்கத்து வீட்டம்மா தன் சுற்றுச்சுவர்மேல் எட்டி, காதைத் தொட்டுக் காட்டி, இல்லை இல்லை என்று கையை ஆட்டினாள். செவிடா? செவிடா? சின்ன வயதிலிருந்து பார்க்கிற சைகைதான். ஒரு முறை முறைத்தேன். சிரிப்புக்காரர் நடுவில் வந்து நின்றுகொண்டார். "அந்தம்மாவுக்குப் புத்தி கொஞ்சம் சரியில்ல. கண்டுக்காதீங்க" என்றார்.

நாளைக்கு ஞாயிறு. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 15, ஞாயிறு

வாலு வீடு முழுக்க ஓடினாள். தன் அறையில் நின்று பாடினாள். அவள் முதுகில் கை வைத்துப் பார்த்தேன், அதிர்ந்தது. சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று கேட்டேன். பெரிய மனுஷி மாதிரி கண்ணை மூடி நின்றுவிட்டு, "காக்கா. அப்புறம் யாரோ துணி தொவைக்கறாங்க" என்றாள்.

போதும். இதற்குமேல் என்ன சோதிப்பது?

மார்ச் 18, புதன்

சிரிப்புக்காரரிடமிருந்து செய்தி: 'திரைச்சீலைக்கு அளவெடுக்க எப்ப வேணா வாங்க. பாப்பாவோட வர்றதா இருந்தா மட்டும் ஞாயித்துக்கிழமை வாங்க.'

ஏன்? பாப்பாவோடு வந்தால் மட்டும் ஏன் ஞாயிறு?

இவரிடம் காட்டினேன். "பள்ளிக்கூடம் இருக்குமேன்னு சொல்லியிருப்பார். உனக்கு எதுலதான் நம்பிக்கை?" என்றார். அண்ணியை ஒரு நாள் கூட்டிப் போகலாமா என்ற கேள்வி என் விரல் வரைக்கும் வந்தது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 27, வெள்ளி

பதிவு முடிந்தது. வீடு எங்களுடையது. சிரிப்புக்காரர் எங்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட நிற்கவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

குடிவந்தோம். இடுப்பு போய்விட்டது. வாலு தன் அறைக் கதவில் 'தட்டிவிட்டு வரவும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். தட்டினால் அவளுக்குக் கேட்கும் அல்லவா, அந்தப் பெருமை.

ஏப்ரல் 13, திங்கள்

என்ன நடந்தது என்று இன்னும் விளங்கவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். பிரஷ்ஷைக் கீழே போட்டாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எது விழுந்தது என்று சுற்றிப் பார்த்தேன். எதுவும் விழவில்லை. தரை அதிரவில்லை. வாளித் தண்ணீரில் ஓர் அசைவு இல்லை. எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்க, இவள் மட்டும் வாயைப் பிளந்து அழுகிறாள்.

என்னடி? என்னடா கண்ணு, என்ன?

கையைக் காதிலிருந்து எடுத்தால்தானே பேச முடியும். எடுத்தாள். "கத்துது" என்றாள்.

யாரு?

"செவுரு."

ஏப்ரல் 14, செவ்வாய்

பக்கத்து வீட்டம்மாவை நானே போய்ப் பார்த்தேன். காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, என் கைப்பேசியை வாங்கி எழுதினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் பளிங்குக்கல் அறுக்கிற பட்டறை. வாசல் அடுத்த தெருவில் இருக்கிறது. காலையில் ரம்பத்தைப் போட்டால் இருட்டுகிற வரைக்கும் நிறுத்துவதில்லை. ஞாயிறு மட்டும் விடுமுறை.

"அன்னிக்கே சொன்னேனேம்மா. காதே போயிடும், வேணாம் வேணாம்னு காட்டினேன். நீங்கதான் மொறைச்சிட்டுப் போயிட்டீங்க."

என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏன்டி, உனக்கு அவ்வளவு திமிரா? ஒரு நிமிஷம் நின்னு என்னன்னு கேட்டிருக்கக் கூடாதா?

ஏப்ரல் 15, புதன்

சிரிப்புக்காரருக்குப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினேன். பதில் ஒரே வரி.

'உங்களுக்கு அமைதிதானே?'

ஏப்ரல் 25, சனி

அண்ணி வந்தார். உட்காரக்கூட முடியவில்லை அவரால். நெற்றி நரம்பு புடைத்துவிட்டது. "என்னாலயே முடியலையே, பச்சைப் புள்ள எப்படித் தாங்கும்? நீங்க இதை வித்துட்டு வர்ற வரைக்கும் அவ என்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

விற்கவா? போன வாரம் வீடு பார்க்க வந்தவர்கள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஆனால் அது இல்லை விஷயம். என் பிள்ளையைக் கேட்கிறார்கள். வாலு பிறந்த அன்றே கேட்டார்கள்: ராத்திரி அழுதா உங்களுக்கு எப்படிம்மா தெரியும், எங்ககிட்ட விடுங்களேன்! அவள் காலில் நூலைக் கட்டி, மறுமுனையை என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வளர்த்தேன். ஒரு தடவை அவள் அழுது நான் எழுந்திருக்காமல் இருந்ததுண்டா? "என் பிள்ளையை வளக்க எனக்குக் காது வேணாம்" என்று வாய்விட்டே சொன்னேன். என் குரல் எப்படி வந்ததோ, அண்ணி ஓரடி பின்னால் போனார்.

மே 6, புதன்

வாலு இப்போது வீட்டில் வாயே திறப்பதில்லை. காதில் பஞ்சு, அதற்குமேல் அப்பாவின் கம்பளிக் குல்லாய். எல்லாமே சைகைதான். முன்பெல்லாம் பாதி சைகை, பாதி பேச்சு என்று குளறுவாள். இப்போது விரல்கள் அத்தனை சுத்தம். இவருக்கு ஒரே பெருமை, "என்ன அழகா பேசறா பாரேன்" என்கிறார். எனக்கும் பெருமையாக இருந்தது, பொய் எதற்கு.

பாடுவதில்லையா என்று கேட்டேன். "பாடினா எனக்கே கேக்க மாட்டேங்குது" என்றாள்.

மே 14, வியாழன்

இன்று மாலை தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கையை அசைத்தாள்.

"அம்மா, எனக்கு எப்போ வரும்?"

என்ன வரும்?

குல்லாயின் மேல் காதைத் தொட்டாள். விரல்களை மெல்ல மடக்கினாள். "உனக்கும் அப்பாவுக்கும் வந்த மாதிரி. பெரியவளானாத்தான் வருமா? சீக்கிரமா வர்றதுக்கு ஏதாவது பண்ண முடியுமா?"

கோபமோ அழுகையோ இல்லை அவள் முகத்தில். பல் எப்போது விழும் என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

பின்னலை முடித்து ரிப்பன் கட்டினேன். பிறகு கைப்பேசியை எடுத்து, 'அண்ணி, நாளைக்கே வந்து இவளைக் கூட்டிட்டுப் போங்க' என்று எழுதி அனுப்பிவிட்டு, அவள் உடுப்புகளை எடுத்து மடிக்க உட்கார்ந்தேன்.