பூஜ்ஜியம் வந்துவிட்ட பிற்பகல்

அன்புள்ள மாப்பிள்ளை,

"மச்சான், ஒரு எண் எவ்வளவுன்னு தெரியாமலே, அது பூஜ்ஜியம் இல்லைன்னு மட்டும் சொல்லிட முடியுமா?" என்று ஊரடங்கு நாளன்று என்னைக் கேட்டீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த நான் என்ன பதில் சொல்வேன்?

நீங்கள் காலமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. கல்லூரியில் உங்களிடம் கணிதம் படித்தவர்கள் இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் படிப்பார்கள். அவர்களுக்கு உங்களைத் தெரியும், அந்தப் பிற்பகல் தெரியாது.

அன்று காலை என் தங்கை ராஜத்தைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு, துணிமணி எடுக்க நாம் இருவரும் வீட்டுக்கு வந்தோம். பிரசவம் சிக்கலாகலாம், அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். சேலையை மடித்துக்கொண்டிருக்கும்போதே ஊரில் கலவரம் என்று தெருவில் ஒலிபெருக்கி வண்டி வந்தது. ஊரடங்கு. வெளியே யாரும் நடமாடக் கூடாது. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டையொட்டிய அந்த மாடி வீட்டின் பின்ஜன்னலில் ஆஸ்பத்திரிக் கூரை தெரிந்தது. கூப்பிடு தூரம்தான். ஆனால் சந்து முனையில் துப்பாக்கியோடு காவல்.

கீழே காதர் பாயின் மளிகைக் கடையில் டெலிபோன் இருந்ததால் அங்கேயே உட்கார்ந்தோம். பாய் பலமுறை சுழற்றி, ஒருவழியாகப் பேசிவிட்டு வைத்தார். "இப்ப ஒன்னும் சொல்ல மாட்டாங்களாம் தம்பி. ஏதாச்சும் ஆனாத்தான் அவங்களே கூப்பிடுவாங்களாம்."

அதற்குப் பிறகு அந்தக் கறுப்புப் பெட்டி அடிக்கக் கூடாதே என்று பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்கள் மட்டும் நடந்துகொண்டே இருந்தீர்கள்.

"உட்காருங்க லா. நடந்து நடந்து என் தரையைத் தேய்ச்சிடுவீங்க போல."

"உட்கார்ந்தா பைத்தியம் பிடிச்சிடும் பாய்."

"அப்ப கணக்குப் போடுங்க. அதானே உங்க வியாதி?" என்று பழைய காலண்டர் தாள்களைக் கிழித்துக் கொடுத்தார்.

என்ன கணக்கு என்று கேட்டேன். கடைத் தரையின் பூ ஓடுகளைக் காட்டினீர்கள். ஓர் ஓட்டைப் பார்த்தால் தரை முழுவதும் தெரிந்துவிடும். அதைவிடக் கண்டிப்பான பூவேலை கணிதத்தில் இருக்கிறது, நகர்த்தினாலும் அதே, உள்வெளியாகத் திருப்பினாலும் அதே, அதற்கு ஆட்டோமார்ஃபிக் வடிவம் என்று பெயர் என்றீர்கள். அதன் மேல் முடிவில்லாத ஒரு கோட்டில் நெடுக நடந்து, ஏறியதையும் இறங்கியதையும் கூட்டினால் வரும் எண் பீரியட். அதே பூவேலை இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ஓர் எண்ணைத் தருகிறது. அவற்றையெல்லாம் ஒரு விதிப்படி பெருக்கிக் கோத்தால் எல்-சார்பு. அதன் நடுப்புள்ளியில் உள்ள மதிப்பும் அந்தப் பீரியடும் சொந்தக்காரர்கள். ஒன்று பூஜ்ஜியமானால் மற்றதும் பூஜ்ஜியம்.

எனக்குப் புரிந்த மாதிரி சொன்னேன்: கோயிலுக்குள் எத்தனை பேர் என்று உள்ளே போய்த் தலையை எண்ணலாம். வாசலில் செருப்பை எண்ணி இரண்டால் வகுத்தாலும் வந்துவிடும். "அதேதான் மச்சான்! அந்த 'இரண்டால வகுக்கிற' எண்ணை விட்டுடாம பிடிக்கிறதுதான் எங்க பாடு" என்றீர்கள். அன்று முதல்முறையாக உங்கள் முகம் சற்றுத் தெளிந்தது.

அந்த முடிவில்லாத கோடு முழுவதும் நடக்க முடியாது. ஆனால் நடுவில் மடித்தால் இரண்டு பாதியும் ஒன்றின் மேல் ஒன்று விழும், ஒரு பாதி போதும். மடிக்கும்போது குறி மாறும். எழுதிக்கொண்டே போனவர் பென்சிலைக் கீழே வைத்தீர்கள்.

"ஒரு பாதி கூட்டல். இன்னொரு பாதி அதே அளவு கழித்தல். பூஜ்ஜியம் மச்சான். தப்பிக்க வழியே இல்லை."

"கணக்குதானே மாப்பிள்ளை."

"நான் சகுனம் பாக்குற ஆளா? ஆனா இன்னைக்குப் போய் வருதே."

"பூஜ்ஜியம்னா நஷ்டமா வாத்தியாரே?" என்றார் பாய்.

"லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை பாய்."

"அப்படின்னா தேவலையே!"

நீங்கள் சிரிக்கவில்லை. எனக்கு வேறொன்றும் தெரியாததால் வகுப்பில் சொல்வதைச் சொன்னேன்: "எனக்குப் புரியலை, நடந்து காட்டுங்க." அரிசி மூட்டையிலிருந்து கிளம்பி, தராசு வரை வந்து, அங்கே மடிப்பு என்று சொல்லித் திரும்பினீர்கள். திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டீர்கள்.

"நான் திரும்பிட்டேனே! மடிச்சா குறி மாறும், சரி. ஆனா மடிச்சா நடையும் பின்னாடி போகுது. மேட்டுல பின்னாடி வந்தா அது இறக்கம். ரெண்டு மாத்தம் மச்சான், ஒன்னை ஒன்னு அடிச்சுடுச்சு!"

ஆக இரண்டு பாதியும் எதிரெதிர் அல்ல, ஒரே பக்கம். பாதியைக் கணக்கிட்டு இரட்டிப்பாக்க வேண்டும். அந்தப் பாதியின் முதல் உறுப்பு 0.15. அடுத்தது அதிலிருந்து 0.02 கழிக்கிறது. அதற்கடுத்தது துளிதான். அதன் பிறகு வருபவை முடிவில்லாமல் இருந்தாலும், எல்லாம் சேர்ந்தும் அந்த 0.15ஐ விழுங்க முடியாது. அப்போதுதான் நான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். பதிலையும் நீங்களே சொன்னீர்கள்: "முடியும்."

டெலிபோன் அடித்தது.

நீங்கள் வெங்காய மூட்டையின் மேல் சரிந்தீர்கள். பாய் எடுத்தார். "ஹலோ... யாரு? அரிசியா? ஊரே அடைஞ்சு கிடக்கு, உனக்கு அரிசி விலை கேக்குதா? வைடா போனை!"

விடியும்வரை அது மறுபடி அடிக்கவில்லை. உங்கள் கணக்கு சரியாக வந்ததற்கும் ராஜத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று நம் இருவருக்கும் தெரியும். தாள்களைப் பிறகு நீங்கள் தொடவே இல்லை.

காலையில் சில மணி நேரம் தளர்த்தினார்கள். நீங்கள் ஓடினீர்கள். நான் துணி மூட்டையோடு ஆஸ்பத்திரி வாசலை எட்டியபோது எதிரே வந்தீர்கள். "ரெண்டு பேரும்..." என்று தொடங்கி மூச்சு வாங்கினீர்கள்.

"ரெண்டு பேரும் என்ன?" என்று நடுரோட்டில் கத்தினேன்.

"இருக்காங்க மச்சான். துணி எங்கேன்னு கேட்டுத் திட்டுறா."

அன்று பிறந்த உங்கள் மகள் வரும் ஜனவரியில் பள்ளிக்கூடம் போகிறாள். குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியின் லிஃப்டில் ஏறினால் எல்லாப் பொத்தானையும் அழுத்திவிடுகிறாள். நீங்கள் காலண்டர் தாளில் போட்ட கணக்கை வெளிநாடுகளில் இப்போது இயந்திரமே போடுகிறதாம்.

ராஜம்தான் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. அன்று அடைபட்டிருந்தபோது விடிந்தால் திறப்பார்கள் என்ற நினைப்பாவது இருந்தது. இப்போது அவளுக்கு எதைச் சொல்வது? அன்று பூஜ்ஜியமே சரியான விடையாக இருந்திருந்தால் விடியும்வரை நீங்கள் எப்படித் தாங்கியிருப்பீர்கள்? இதை உயிரோடு இருந்தபோதே கேட்டிருக்கலாம்.

ஞாயிறுதோறும் அவளைப் பார்க்கப் போகிறேன். அவள் என்னோடு கீழே இறங்கி நடக்கும்வரை போய்க்கொண்டே இருப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. எல்-சார்பு மதிப்புகளில் மிக எளியது இது: ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழியுங்கள், ஐந்தில் ஒன்றைக் கூட்டுங்கள், ஏழில் ஒன்றைக் கழியுங்கள், இப்படியே ஒற்றைப்படை எண்களில் போய்க்கொண்டே இருந்தால் வட்டத்தின் பை எண்ணில் கால்பங்கு வரும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒரு தாளை எடுத்து, முதல் சில உறுப்புகளை மட்டும் எழுதி, இது ஏன் பூஜ்ஜியம் ஆகவே முடியாது என்று கண்டுபிடியுங்கள்.

என்றும் உங்கள்
ராஜத்தின் அண்ணன், உங்கள் மச்சான்